முகாமில் அம்மா பழகிய தைக்குவாண்டோ

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்து ஒரு மாதம் கழிந்தும் அம்மா அழவில்லை. கல்லடிக் கடற்கரையில் எங்கள் வீடு இருந்த இடத்தில் மணல்தான் மிஞ்சியிருந்தது. மூன்று வயதுத் தம்பி அவளுடைய வலது கையிலிருந்து அலையோடு நழுவிப் போயிருந்தான். கட்டாரிலிருந்து ஓடிவந்த அப்பா இரண்டு கிழமை தேடிவிட்டு, வேலை போய்விடுமென்று திரும்பிப் போனார். நானும் அம்மாவும் ஒரு பள்ளிக்கூட முகாமில் இருந்தோம். அந்த வலது கை எந்நேரமும் நடுங்கியது. தேத்தண்ணீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடிப்பாள். அழாதவளைக் கல்நெஞ்சுக்காரி என்று முகாமில் சிலர் காதுபடவே சொன்னார்கள்.

பின்னேரங்களில் டவுனிலிருந்து ஒரு மாஸ்டர் சைக்கிளில் வந்து பிள்ளைகளுக்குத் தைக்குவாண்டோ பழக்கினார். கொரியாவின் சண்டைக்கலை என்றார். ஆனால் முதல் கிழமை முழுக்க நிற்கவும் மூச்சுவிடவுமே சொல்லித்தந்தார். காலை அகட்டி, முழங்காலை மடித்து, அசையாமல் நிற்க வேண்டும். பிறகு குத்தும்போது அடிவயிற்றிலிருந்து "கியாப்" என்று கத்த வேண்டும். நெஞ்சுக்குள் இருக்கும் பயம் குரலோடு வெளியே போய்விடும் என்பார். கடல் இரைந்தாலே வீரிட்டு அழுத பிள்ளைகள் சிலர் மெல்ல மெல்லத் தேறினார்கள். நான் அதையெல்லாம் கவனிக்கவில்லை. உதைப்பதில் நான்தான் முதல் என்பதே எனக்குப் பெரிதாக இருந்தது.

என்னைக் கூட்டிப்போக வந்து ஓரமாக நின்ற அம்மாவை ஒருநாள் மாஸ்டர் கூப்பிட்டார்.

"அக்கா, சும்மா நிக்காம நீங்களும் வந்து நில்லுங்களன்."

மறுநாள் அம்மா, நிவாரண மூட்டையில் கிடைத்த ஆம்பிளைக் காற்சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு கடைசி வரிசையில் நின்றாள். உதைத்தால் கால் இடுப்பளவுக்கும் எழாது. கத்தினால் மட்டும் ஓட்டுக்கூரையில் இருந்த காகங்கள் எழும்பிப் பறந்தன. எல்லோரும் நிறுத்திய பிறகும் அவள் குரல் நீளும். சில கிழமைகளில் கோப்பை ஒரு கையில் நின்றது. சோற்றை மிச்சம் வைக்காமல் தின்றாள். நித்திரையும் கொண்டாள்.

எனக்கோ வெட்கம். தண்ணீர் கொண்டுவரும் பவுசர் லொறி வரிசையில் என்னைக் கண்டால் பையன்கள் "கியாஆஆப்" என்று அம்மாவைப்போலக் கத்திச் சிரிப்பார்கள். எங்கள் பயிற்சியைப் பார்க்க வெளிநாட்டார் சிலர் வருவதாக இருந்த நாளில், அவள் காற்சட்டையைப் போட்டுக்கொண்டு வந்ததும் சொன்னேன்.

"நீங்க வராதீங்கம்மா. எல்லாரும் உங்களப் பாத்துச் சிரிக்கிறாங்க."

"நீயும் சிரிச்சியா புள்ள?"

"ஓம்" என்றேன். அது பொய். நான் ஒருநாளும் சிரித்ததில்லை.

 அம்மா காற்சட்டையைக் கழற்றி, மடித்து வைத்தாள். "சரி, நீ போயிட்டு வா."

அன்று எனக்கு நல்ல கைதட்டல். அம்மா எங்கே என்று கேட்ட மாஸ்டரிடம் கால் வருத்தம், நடக்க ஏலாது என்றேன். அதற்குப் பிறகு அவள் வரவேயில்லை. கை மறுபடி நடுங்கத் தொடங்கியது. ஆஸ்பத்திரியில் குளிசை கொடுத்தார்கள், நடுக்கம் நிற்கவில்லை. யுத்தம் மூண்டு பாதைகள் அடைபட, மாஸ்டர் வருவதும் நின்றது.

யுத்தம் முடிந்த வருடம் டவுனில் திரும்பவும் தைக்குவாண்டோ வகுப்புத் தொடங்கினார்கள். எனக்கு அப்போது பதினாலு வயது. கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மாவின் பக்கத்தில் போய் இருந்தேன்.

"வாங்கம்மா, ரெண்டு பேரும் போவம்."

"இனி என்னத்துக்கு புள்ள?" அவள் நிமிரவில்லை. "அப்ப எனக்குக் கத்த ஒரு இடம் வேண்டி இரிந்திச்சி. அழுதா நீ பயந்திருவா எண்டு அடக்கிக்கொண்டு இரிந்தன்."

பத்து வயதில் என் கண்ணுக்குத் தெரிந்தது காலைத் தூக்க முடியாத ஒரு பெண் மட்டும்தான். அத்தனை பேர் நடுவே அவள் தம்பிக்காக அழுதுகொண்டிருந்தாள் என்பதும், எனக்காகவே அது அழுகையென்று எனக்குத் தெரியாதபடி அழுதாள் என்பதும் அன்று எனக்கு விளங்கவில்லை.