வாகையில கட்டின தோணி

அக்காவக் கட்டின மச்சான் பெரியகல்லாத்தில இருந்து எங்கட வீட்டுக்குக் குடி வரக்குள்ள கொண்டு வந்த சொத்து ஒரு தோணி மட்டுந்தான். எங்கட பக்கம் மாப்பிள்ளைதான் பொண்டாட்டி வீட்டுக்கு வாறது. அந்தாள் தோணியப் பாக்கிற மாதிரி அக்காவப் பாத்திருந்தா அவள் இன்னும் கொஞ்சம் கொழுத்திருப்பாள்.

அந்த மார்கழியில ஒரு நாள் வானம் கறுத்து, வாவித் தண்ணி ஈயம் மாதிரிக் கிடந்திச்சு. சூறைக்காத்து வரப்போகுதெண்டு மச்சான், காத்து தூக்கிப்போடாம இருக்கத் தோணிக்குத் தண்ணி நிரப்பிக் கரையோரத்தில தாட்டுப்போட்டு, கயித்த எதில கட்டுறதெண்டு ரோட்டோர மரமெல்லாத்தையும் பாத்துத் திரிஞ்சார். ஒவ்வொரு மரத்தடியிலயும் குந்தி வேரத் தடவுறார். பொம்புள பாக்க வந்தவர் காலப் பாக்கிறாரெண்டு நான் சிரிச்சன். பெரிய வாகையக் காட்டினன். நாலு பேர் சேந்தாலும் கட்டிப் பிடிக்க ஏலாது. நான் மத்தியானத்தில படுக்கிற மரம். அவர் தலைய ஆட்டிப்போட்டு, தண்ணிப் பக்கம் கூனிப்போய் நிண்ட பூவரசில கட்டிப்போட்டுச் சாப்பிடப் போனார்.

என்ட கை சும்மா கிடக்குமா? கயித்த அவிட்டு வாகையில கட்டினன். அவர் வந்து தேடுற வடிவப் பாக்கத்தான்.

அதுக்குள்ள காத்து வந்திட்டு. முதல்ல முருங்கை கழுத்து முறிஞ்சுது. முருங்கை தும்மினாலும் முறியும், அதுக்கும் சிரிச்சன். மறுகா வாகைக்கு அடியில மண் மூச்சு வாங்கிற மாதிரி எழும்பி எழும்பி இறங்கிச்சு. சிரிப்பு நிண்டுபோச்சு. ஓடிப்போய் மச்சானிட்டச் சொன்னன். அவர் ஏசயில்ல. சோத்துக் கையோட எழும்பி ஓடினார். அக்கா ஏசினதெல்லாம் எழுத ஏலாது. ரெண்டு பேரும் தவண்டு போய்க் கயித்தப் பூவரசுக்கு மாத்திப்போட்டு வீட்டுக்க வந்து விழுந்தம்.

காத்து ஓஞ்சு போய்ப் பாத்தா, வாகை வேரோட ரோட்டுக்குக் குறுக்க மல்லாந்து கிடக்கு. வேர் பாய் மாதிரி அகலந்தான், ஆழமில்ல. தென்னை ரெண்டுக்குத் தலையில்ல. வேம்பு கொப்பெல்லாம் குடுத்துப்போட்டு அடிமரத்தோட நிக்கிது. பனை மட்டும் இப்பதான் நித்திரையால எழும்பின மாதிரித் தலை கலைஞ்சு நிக்கிது. பூவரசில ஒரு இலை இல்ல, ஆனா கயிறு இறுகிக் கிடந்திச்சு. தோணியும் கிடந்திச்சு.

மச்சான் தண்ணிக்க இறங்கி அதிட விளிம்பு முழுக்கத் தடவிப் பாத்தார். மறுகா ஒரு கோடாலியக் கொண்டு வந்து என்ட கையில தந்தார். ரோட்டத் திறக்க ஊரே கொப்பு வெட்டிக்கொண்டு நிண்டுது.

“அடிமரத்த நீ வெட்டு மச்சான். களைச்சா அதிலேயே படு. உன்ட மரந்தானே” எண்டார்.

மூணு நாள் வெட்டினன், உச்சி வெயில்ல, ஒரு சொட்டு நிழல் இல்லாம.