பைக்குள் இன்னொரு வெள்ளை ஸ்கர்ட்

போன வருடம், தசரா லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்திருந்த சமயம். பெங்களூரு ஆடுகோடியில் நானும், என் கணவரும், ஒன்பதாவது படிக்கும் எங்கள் மகளும் இருக்கிறோம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் ஒரு சந்தேகப் பிராணி. ஆட்டோ மீட்டரை நம்ப மாட்டேன். கேஸ் சிலிண்டரின் சீலை நம்ப மாட்டேன். 'இதோ பக்கத்துலதான் இருக்கேன்' என்று போனில் சொல்லும் என் கணவரையும் நம்ப மாட்டேன். மகளை மட்டும் நம்பிக்கொண்டிருந்தேன்.

அவள் பள்ளியில் புதன்கிழமை வெள்ளை யூனிஃபார்ம். சட்டை, ஸ்கர்ட், ஷூ எல்லாம் வெள்ளை. மற்ற நாட்களில் நீல ஸ்கர்ட். வெள்ளை நாளில் வேறு நிறம் போட்டு வந்தால் வகுப்புக்கு வெளியே நிற்க வேண்டியதுதான். ஒரு செவ்வாய்க்கிழமை சாயந்திரம், டிபன் பாக்ஸை எடுக்க அவள் பைக்குள் கையை விட்டேன். அடியில் ஒரு பிளாஸ்டிக் கவர், அதற்குள் மடித்த வெள்ளை ஸ்கர்ட். அவளுடைய ஸ்கர்ட்டோ கொடியில் காய்ந்துகொண்டிருந்தது.

எடுத்து முகர்ந்து பார்த்தேன். எங்கள் வீட்டு சோப்புப் பவுடர் வாசனை இல்லை. இடுப்பில் ஹூக் இருக்க வேண்டிய இடத்தில் எலாஸ்டிக் தைத்திருந்தது. யாருடைய துணி இது? இவள் எதற்குப் பள்ளிக்கூடத்தில் துணி மாற்றுகிறாள்? எங்கே வைத்து மாற்றுகிறாள்? அடுத்தவர் துணியை உடுத்தக் கூடாது என்பது எங்கள் வீட்டில் நான் போட்ட சட்டம். என் தங்கை மகளின் சுடிதாரைக்கூட வாங்கிப் போட விட்டதில்லை. அது அவளுக்கு நன்றாகவே தெரியும்.

நேராகக் கேட்டால் உஷாராகிவிடுவாள் என்று கவரை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுச் சுற்றி வளைத்தேன். "ஸ்கூலுக்கு மாத்து டிரெஸ் ஏதாவது வேணுமாடி?"

"சும்னே எதுக்கும்மா? ஒண்ணும் வேணாம்" என்று பாதி கன்னடத்தில் சொல்லிக்கொண்டே பையைத் தன் பக்கம் இழுத்து ஜிப்பை மூடினாள்.

அவ்வளவுதான், அந்த வாரம் முழுக்க நான் போலீஸ்காரி ஆகிவிட்டேன். பள்ளி வேன் டிரைவரிடம் பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன். அவள் அசந்த நேரத்தில் போனைப் பார்த்தேன். தோழி ஒருத்தி, 'இந்த மாசம் உன்கிட்டதானே இருக்கு?' என்று கேட்டிருந்தாள். 'ஆமா, அம்மாவுக்குத் தெரியாது' என்று இவள் பதில் போட்டிருந்தாள். கணவரிடம் சொன்னேன். "வயசுப் பொண்ணு, நோண்டாத. நேரா கேளு" என்றார் என் கணவர். இவருக்கும் ஏதோ தெரிந்திருக்கிறது என்று அவர் மேலும் ஒரு கண் வைத்தேன்.

அடுத்த புதன்கிழமை காலை, அவள் குளிக்கப் போன நேரத்தில் அந்த ஸ்கர்ட்டைக் கவரோடு எடுத்து என் ஹேண்ட்பேக்கில் வைத்துக்கொண்டேன். அவளை வேனில் ஏற்றிவிட்டு, ஹெப்பகோடியில் நான் வேலை பார்க்கும் கம்பெனிக்கு லீவு சொன்னேன். நேராக கிளாஸ் டீச்சரைப் பார்த்து, ஸ்கர்ட்டை மேஜை மேல் போட்டு, இது யாருடையது என்று கேட்டுவிடுவது என்று கிளம்பினேன்.

டீச்சர் வகுப்பில் இருந்ததால் ஆபீஸ் வாசலில் உட்கார வைத்தார்கள். மணி அடித்ததும் வராந்தா கோடியிலிருந்து என் மகள் ஓடி வந்தாள். எனக்குப் போன் செய்யக் கேட்பதற்காக ஆபீசுக்கு வந்திருக்கிறாள். என்னைக் கண்டதும் அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"அம்மா, நீயே எடுத்துட்டு வந்துட்டியா? அந்த ஸ்கர்ட்ட வீட்லயே விட்டுட்டேன்னு நெனச்சேன். குடும்மா சீக்கிரம். ப்ரேயர் முடிஞ்சதுலேர்ந்து என் ஃப்ரெண்ட் ஒருத்தி பாத்ரூம்லயே உக்காந்து அழுதுட்டிருக்கா."

எனக்குப் பாதிதான் புரிந்தது. கை தானாக ஹேண்ட்பேக்கைத் திறந்தது. அவள் வாங்கிக்கொண்டு ஓட, நான் பின்னாலேயே போனேன். பாத்ரூம் கதவு லேசாகத் திறந்து ஒரு கை மட்டும் வெளியே நீண்டது. ஸ்கர்ட்டை வாங்கிக்கொண்டதும் கதவு மூடியது. கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண் வெளியே வந்தாள். அழுதழுது முகம் வீங்கியிருந்தது. தன்னுடைய கறை பட்ட ஸ்கர்ட்டை அதே பிளாஸ்டிக் கவரில் சுருட்டி வைத்திருந்தாள். "தேங்க்ஸ் ஆன்டி" என்றாள். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது.

அவள் வகுப்புக்குப் போனதும் என் மகள் விஷயத்தைச் சொன்னாள். முன்பு ஒரு பெண்ணுக்கு வெள்ளை நாளில் இப்படி ஆகி, விளையாட்டு பேன்ட்டை மாட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். ரூல் ரூல்தான் என்று வெளியே நிறுத்திவிட்டார்கள். போகிற வருகிற பையன்களுக்கெல்லாம் காரணம் தெரிந்துபோனது. அதற்குப் பிறகு அவள் புதன்கிழமைகளில் பள்ளிக்கே வருவதில்லையாம். அதனால்தான் இந்தப் பெண்கள், படித்து முடித்துப் போன ஓர் அக்காவின் ஸ்கர்ட்டில் எலாஸ்டிக் தைத்து, மாதம் ஒருத்தியாக பையில் வைத்துக்கொள்கிறார்கள். உடுத்தியவள் துவைத்துத் தர வேண்டும்.

"ஏன்டி என்கிட்ட சொல்லல?"

"அடுத்தவங்க துணி, அதுவும் அந்த நாள்ல போட்டது. தொட விடுவியாம்மா நீ?"



அதற்குள் டீச்சர் வந்து என்ன விஷயம் என்று கேட்டார். மேஜையில் போட நினைத்த ஸ்கர்ட், அந்தப் பெண்ணோடு வகுப்புக்குள் போய்விட்டது. "பெரிய பொண்ணுங்கள மட்டுமாவது புதன்கிழமை நீல ஸ்கர்ட் போட விடலாமே மிஸ்" என்றேன். டீச்சர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏன், யாராவது ஏதாவது சொன்னாங்களா? எந்தப் பொண்ணு?" ஒரு வாரமாக நான் என் மகளைப் பார்த்த அதே பார்வை. "யாரும் சொல்லல மிஸ். நானாதான் கேக்கறேன்" என்றேன். மேனேஜ்மென்ட்டிடம் பேசுவதாகச் சொன்னார். இன்று வரை ரூல் மாறவில்லை.

சாயந்திரம் மகள் கேட்டாள், "அது எங்கம்மா இருந்துச்சு? கட்டில் மேலயா?" ஆமாம் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். மனசு வரவில்லை. "என் ஹேண்ட்பேக்ல. காலைல நான்தான் எடுத்தேன்" என்றேன். அவள் கத்தவில்லை. "அவ ரொம்ப அழுதாம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் அந்த ஸ்கர்ட் எங்கள் வீட்டுக்கு வந்தது. அந்தப் பெண் வீட்டில் யாருக்கும் தெரியாமல் துவைக்க முடியாதாம். நானே துவைத்து, தளர்ந்திருந்த எலாஸ்டிக்கை மாற்றி, இஸ்திரி போட்டுக் கொடுத்தேன். மகள் வாங்கிப் பைக்குள் வைத்து, என் முன்னாலேயே ஜிப்பை மூடினாள். ஆட்டோ மீட்டரை இன்றும் நான் நம்புவதில்லை. ஆனால் என் பெண் எதையாவது மறைக்கிறாள் என்று தோன்றும்போதெல்லாம், அந்தக் கதவு இடுக்கிலிருந்து நீண்ட கை நினைவுக்கு வந்து என் கையைப் பிடித்து நிறுத்துகிறது.