நரிகளைக் கூப்பிட்ட பெட்டி

போன கிழமை மனைவி வயரில்லாத அழைப்புமணி ஒன்று வாங்கி வந்து கதவில் பூட்டச் சொன்னாள். பூட்டினேன். பொத்தானை அமத்திப் பார்க்க மட்டும் பெருவிரல் போகவில்லை.

"என்னப்பா, ஷொக் அடிக்குமெண்டு பயமோ?" என்று அவளே வந்து அமத்தினாள்.

உள்ளே ஏதோ மெட்டுப் பாடியது. நான் தேத்தண்ணீர் போடும் சாட்டில் குசினிக்குள் போய்விட்டேன். இத்தனை வருடமாக எலக்ட்ரோனிக்ஸ் சாமான் திருத்திச் சாப்பிடுகிறவன் ஒரு மணிக்குப் பயப்படுகிறான் என்றால் நீங்களும் சிரிப்பீர்கள். நான் கோபிக்கமாட்டேன்.

எனக்கு இருபத்தாறு வயதில் லண்டன் டூட்டிங்கில் ஒரு திருத்தும் கடையில் வேலை. ஈயப்பற்று உருகும் புகையின் மணம் அந்தக் கடைக்கே உரியது. வீட்டுக்கு வந்து குளித்தாலும் மூக்கில் நிற்கும். வீடு என்றால் மோர்டனில் சூசை அண்ணையின் மேலறை. மன்னார்க்காரர், பெற்றோல் நிலையத்தில் வேலை. பெண்சாதி பிள்ளைகள் கனடாவில். ஏன் அங்கே, ஏன் இவர் இங்கே என்று நான் கேட்டதில்லை. என் அகதி வழக்கு இழுபட்டுக்கொண்டிருந்த காலம் அது. வாடகை பிந்தினால் அவரும் ஒன்றும் கேட்கமாட்டார்.

வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் கவுன்சில் குத்தகைக்கு விடும் தோட்டத்துண்டுகள் இருந்தன. அண்ணையின் துண்டில் பதினொரு கோழிகள். எல்லாவற்றுக்கும் தன் மச்சாள்மாரின் பெயர்களை வைத்திருந்தார். "எமிலி இண்டைக்கு முட்டையிடேல்லை, அவள் எப்பவும் கள்ளிதான்" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

ஒரு மார்ச் காலை நாங்கள் போனபோது கூட்டின் கீழ்ப்பலகை தோண்டப்பட்டுக் கிடந்தது. நரி ஒரு கோழியைத்தான் கொண்டுபோயிருந்தது. மற்றவை தலை இல்லாமலும், ஒரு நரம்பில் தலை தொங்கியபடியும் கிடந்தன. ஒன்று மட்டும் செட்டையடித்துக்கொண்டு வட்டமாகச் சுழன்றது. அண்ணை அதைப் பிடித்துக் கழுத்தைத் திருகினார்.

"ஒண்டைத் திண்டா பசியெண்டு விடலாம். மிச்சத்தை ஏன்ரா கொண்டது?" என்று கேட்டார். என்னிடம் கேட்டது போல இல்லை.

அடுத்த கிழமை ஒரு பழைய எயார் ரைபிளுடன் வந்தார். "நரியை நான் தேடிப் போக ஏலாது. அது என்னட்டை வரவேணும். உன்னாலை ஏதும் செய்ய ஏலுமோ?"

ஏலும் என்றேன். கெட்டிக்காரன் என்று பெயர் எடுக்கிற ஆசை எனக்கு அப்போது அதிகம். மோட்டார்சைக்கிள் பற்றரி, உடைந்த கொம்பியூட்டர் ஸ்பீக்கரிலிருந்து எடுத்த அம்ப்ளிபயர், சின்ன எம்பி3 பிளேயர், ஒரு குழாய் ஸ்பீக்கர் என்று எல்லாவற்றையும் ஒரு பிஸ்கற் தகரப் பெட்டிக்குள் அடக்கினேன். தூரத்திலிருந்து இயக்க வயரில்லாத அழைப்புமணிப் பொத்தான். ஒரு தரம் அமத்தினால் கத்தும், மறுதரம் அமத்தினால் நிற்கும். அடிபட்ட முயலின் அலறலை வேட்டைக்காரர்கள் இணையத்தில் போட்டிருந்தார்கள். அதை இறக்கிக்கொண்டேன். முயலுக்குக் குரலே இல்லையென்று அதுவரை நினைத்திருந்தேன். கடையில் முதல்தரம் போட்டுப் பார்த்தபோது வாசலில் நின்ற ஒரு பெண் சட்டென்று தள்ளுவண்டிக்குள் குனிந்து தன் பிள்ளையைப் பார்த்தாள். அதைக் கவனித்தேன். பெருமைப்பட்டேன்.

ஏப்ரல் விடியல். காற்று எங்கள் முகத்தில் படும்படி தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் குந்தினோம். பெட்டி முப்பது மீற்றர் தள்ளி முட்செடிகளுக்குள். பொத்தானை அமத்தி நாலு நிமிடம் ஆகவில்லை, நரி வயிறு நிலத்தில் உரச வந்தது. அண்ணை சுட்டார். அந்த எயார் ரைபிளின் குண்டு நரியைக் கொல்லப் போதாது. பின்கால்கள் விழுந்துவிட, முன்கால்களால் உடம்பை இழுத்துக்கொண்டு தன் விலாவைத் தானே கடித்தது. அண்ணை மண்வெட்டியின் பின்பக்கத்தால் அடித்தார். முதல் அடி தாடையில். "எமிலி" என்றார். அடுத்த அடிக்கு "திரேசா." ஐந்தாவது பெயரில் நரி அடங்கியது. அவர் பதினொன்றையும் சொல்லி முடித்தார். நான் பெட்டியை நிறுத்த மறந்துபோனேன். அவ்வளவு நேரமும் முயல் கத்திக்கொண்டே இருந்தது.

எனக்குக் குமட்டிச் சத்தி வந்தது என்று எழுதினால் நல்லவனாகத் தெரிவேன். வரவில்லை. சந்தோஷமாக இருந்தது. அடுத்த கிழமை வந்த பெட்டை நரிக்கு, "இந்தா, இது உன்ரை" என்று மண்வெட்டியை என்னிடம் தந்தார். மண்டையோடு உடையும்போது பிடிவழியாகக் கைக்கு ஏறும் அதிர்வு கொஞ்சம்தான். நான் தேவைக்கு மேலேயே அடித்தேன்.

மூன்றாவது காலை பனிமூட்டம். பொத்தானை அமத்தி இரண்டு நிமிடத்தில் முட்செடி அசைந்தது. அண்ணை சுட்டார்.

"அம்மா!"

ஒரு பெண் எழுந்து நின்றாள். இரவுச் சட்டை, வெறுங்கால். முகத்தைப் பொத்திய விரல்களுக்கிடையால் இரத்தம் முழங்கை வரை வழிந்தது. மற்றக் கையை முட்செடிப் பக்கம் நீட்டினாள். "அங்க குழந்தை அழுவுது... யாராச்சும் தூக்குங்க..."

நான் பொத்தானை அமத்தினேன். சத்தம் நின்றது.

"ஐயோ, நின்னுடுச்சே!" என்று அவள் அலறிய அலறலை எந்தப் பெட்டியிலும் நான் கேட்டதில்லை.

அண்ணை என் தோளைப் பிடித்து உலுக்கினார். "பெட்டியை எடுத்துக்கொண்டு ஓடு. நீ இங்கை வரேல்லை. பிடிச்சா உன்னைத் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள். ஓடு!"

ஓடினேன். பெட்டி வழியிலிருந்த வாண்டில் என்ற ஆற்றுக்குள் போனது.

அவள் பெயர் கல்பனா, திருச்சிக்காரி. தோட்டத்தின் வேலிக்குப் பின்வீடு. புருஷனுக்கு வங்கியொன்றில் கொம்பியூட்டர் வேலை. அவளுடைய நாலு மாதக் குழந்தை தொட்டிலில் தூங்க, யாரோ ஒரு குழந்தையை எறிந்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று வேலியின் ஓட்டையால் நுழைந்து ஓடி வந்தவள். இடது கண் போய்விட்டது. நரிக்குச் சுட்டேன், தனியாகத்தான் நின்றேன் என்று சொல்லி அண்ணை பதினாறு மாதம் சிறைக்குப் போனார்.

அவளோ குழந்தை அழுதது, அழுதது என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். பொலிஸ் நாய்களோடு தேடியது. ஒன்றும் இல்லை. பிள்ளை பெற்ற உடம்பு, நித்திரையில்லை என்று மருந்து கொடுத்தார்கள். ஊரிலிருந்து மாமியார் வந்து குழந்தையை வேறு அறையில் படுக்கவைத்தாராம். "அந்தப் பொம்பிளைக்கு மூளை பிசகிப்போச்சு" என்று எங்கள் கடைக் கவுண்டரில் நின்றே ஆட்கள் சொன்னார்கள். நான் ஈயப்பற்றுக் கோலின் மேல் குனிந்துகொண்டேன்.

எனக்கு விசா கிடைக்க மூன்று வருடம். அதற்குப் பிறகும் ஒரு வருடம் பயந்து திரிந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை விம்பிள்டன் கோயிலில், செருப்பு வைக்கிற இடத்தில், கறுப்புக் கண்ணாடியோடு அவள் தன் மகனுக்குச் சப்பாத்துக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அண்டைக்கு நீங்கள் கேட்ட சத்தம் உண்மை" என்றேன்.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சப்பாத்தைக் கையில் வைத்தபடி கேட்டாள்.

"முயலா?"

"ஓம்."

"நாலு வருஷமா அந்தக் குழந்தை எந்தச் செடிக்கடியில கிடக்குன்னு தேடிட்டிருக்கேன்." பிறகு திரும்பி, "ஏங்க, இங்க வாங்க. இவர் சொல்றத நின்னு கேளுங்க. முழுசா" என்றாள்.

இரண்டாம் தரம் சொல்லி முடிக்கவில்லை, புருஷன் என் வாயில் அறைந்தார். பல்லில் பட்டு உதடு கிழிந்தது. இன்னொரு தரம் ஓங்கிய கையை அவள் பிடித்தாள். "அடிக்கக் கூப்பிடல. கேக்கத்தான் கூப்பிட்டேன்." அவருடைய கை தானாக இறங்கியது. அவர் என்னைப் பார்க்கவில்லை, அவளையும் பார்க்க முடியாமல் நிலத்தைப் பார்த்தார்.

"பொலிசுக்குப் போறன், அக்கா."

"போங்க, போகாம இருங்க. அது உங்க பாடு. எனக்கு இவர் கேட்டது போதும்."

நான் போகவில்லை.

சூசை அண்ணை சிறையிலிருந்து நேரே கனடாவுக்குப் போய், ஒரு தரம் போன் எடுத்து, "உன்ரை வேலையைப் பார்" என்று சொன்னதோடு சரி. இப்போது அவர் இல்லை. அந்தத் துண்டில் யாரோ பூக்கன்று வளர்க்கிறார்கள். வேலியின் ஓட்டையை இரும்புத் தகட்டால் அடைத்துவிட்டார்கள். பின்வீடும் கைமாறிவிட்டது. தை மாதம் நரிகள் சோடி தேடி எங்கள் தெருவில் கத்தும்போது யன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்தப்படுகிற சத்தம் கேட்கும். நான் கேற் வரை போய் நின்று பார்த்துவிட்டு வருவேன். வெறுங்காலோடு ஓடி வருகிற ஒருவரையும் இதுவரை நான் அங்கே காணவில்லை.