இருபது சென்டிமீட்டர் ஆசை

டெய்லரிடம் துணியைக் கொடுத்துவிட்டுத் தவிப்பவர்கள் ஒரு பக்கம், அந்தத் துணியைப் பார்த்துத் தவிக்கும் டெய்லர்கள் இன்னொரு பக்கம். நீங்கள் எந்தப் பக்கமாக இருந்தாலும் என் கஷ்டம் உங்களுக்குப் புரியும். எனக்குச் சிதம்பரத்தில் லேடீஸ் டெய்லர் கடை. வீடும் நான் போகும் கிறிஸ்தவ சபையும் கடலூர் முதுநகரில். தினமும் பஸ். தொழிலுக்கு வந்த நாளிலிருந்தே எனக்கொரு வியாதி உண்டு. தேவைக்கு மேல் இருபது சென்டிமீட்டர் துணி கூடுதலாகக் கேட்பேன். "சுருங்கும்", "டிசைன் பொருந்தணும்" என்று ஏதாவது காரணம் சொல்வேன். மிச்சம் என் பைக்குள் போய்விடும்.

கடலூர் பத்திரமான ஊர்

சிதம்பரத்தில் அடித்த துணியைச் சிதம்பரத்தில் போடக் கூடாது, கடலூருக்குக் கொண்டுபோய்விட வேண்டும் என்பது என் கொள்கை. 2006 கிறிஸ்மஸுக்கு ஒரு டீச்சர், தனக்கும் இரண்டு தங்கைகளுக்கும் ஒரே பச்சைத் துணியில் மூன்று சுடிதார் தைக்கக் கொடுத்தார். மூன்று இருபது அறுபது. என் நாலு வயது மகளுக்கு அளவெடுத்தாற்போல ஒரு கவுன் வந்துவிட்டது.

கிறிஸ்மஸ் ஆராதனைக்குப் போனால், எனக்கு முன்வரிசையில் அதே பச்சையில் மூன்று பேர். டீச்சரின் கடைசித் தங்கையை முதுநகரில் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள் என்று எனக்கு யார் சொன்னார்கள்? மகளை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். அவளோ புதுக் கவுனைக் காட்ட முன்னால் முன்னால் ஓடினாள். டீச்சர் அவள் கன்னத்தைத் தட்டிவிட்டு என்னைப் பார்த்தார்.

"நாங்க மூணு பேருதான் அக்கா தங்கச்சின்னு நெனச்சிட்டிருந்தேன் மாஸ்டர். இன்னொண்ணு இருக்குன்னு எங்கப்பா சொல்லவே இல்லியே!"

கட்டிலுக்கு அடியில்

அடுத்த ஞாயிறு போதகர் பொருளாசையைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். யாரோ அவரிடம் என் அளவைக் கொடுத்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. முழங்காலில் நின்று அழுதேன். அடுத்தவர் துணியில் இனி ஒரு நூல்கூட எனக்கு வேண்டாம், அந்த ஆசையை எடுத்துப்போடும் என்று ஆண்டவரிடம் கேட்டேன்.

மனசு லேசாகி, வீட்டுக்கு வந்து மனைவி ஸ்டெல்லாவிடம் சொன்னேன். அவள் குனிந்து, கட்டிலுக்கு அடியிலிருந்த வெட்டுத்துணி மூட்டையை இழுத்து நடுவீட்டில் போட்டாள்.

"ஆண்டவரு மன்னிச்சிட்டாரு, சரி. இத எப்ப எடுத்துக்கிட்டுப் போயி குடுக்கப் போறீங்க?"

வீடு வீடாக

டீச்சரிடம்தான் முதலில் போனேன். பாப்பாவே போட்டுக்கொள்ளட்டும் என்று சிரித்து அனுப்பிவிட்டார். அந்தத் தைரியத்தில் மளிகைக்கடை அம்மாவிடம் போய், அவருடைய ஊதா ஜாக்கெட்டில் மிஞ்சிய துண்டை நீட்டி மன்னிப்புக் கேட்டேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மனந்திரும்பியவனைப் பார்த்து மனம் உருகுவார் என்று நான் காத்திருந்தேன்.

"இது சரி மாஸ்டர். இதுக்கு முன்னாடி தெச்ச பதினாலு ஜாக்கெட்டு துண்டெல்லாம் எங்க?"

இரண்டு மீட்டர் போதும்

நேர்மையாக இருப்பதில் இவ்வளவு சங்கடம் இருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. இரண்டரை மீட்டர் கொண்டுவந்த காலேஜ் பெண்ணிடம், "ரெண்டே போதும், மிச்சத்தை எடுத்துட்டுப் போம்மா" என்றேன். அவள் என்னைச் சந்தேகமாகப் பார்த்துவிட்டு, இரண்டரையையும் எடுத்துக்கொண்டு எதிர்க் கடைக்குப் போனாள். இப்படியே பலர் போனார்கள். எதிர்க் கடையில் மூன்று மிஷின் ஓடியது, என் ஒற்றை மிஷின் பாதி நாள் சும்மா இருந்தது. கடையைக் காலி செய்துவிட வேண்டியதுதானோ என்று பயம் வந்துவிட்டது. ஒருநாள் அந்தப் பெண்ணை வழியில் பார்த்து, ஏம்மா வருவதில்லை என்று கேட்டேவிட்டேன்.

"அங்க ரெண்டே முக்கால் கேட்டாங்கண்ணா. அவுங்கதான் தாராளமா தெப்பாங்கன்னு அம்மா சொல்லிட்டாங்க."

நானூறு சுடிதார்

2009-இல் ஒரு பள்ளிக்கூடத்துக்கு யூனிஃபார்ம் வாங்கிக்கொடுக்கும் ஏஜென்ட் ஒருவர் வந்தார். நானூறு சுடிதார். கடை பிழைத்தது என்று நினைத்தேன். அப்புறம்தான் குரலைத் தாழ்த்தினார். ஒவ்வொன்றுக்கும் இருபது சென்டிமீட்டர் ஜாஸ்தி எழுதிக் கொடுக்க வேண்டும், மிஞ்சுவதில் ஆளுக்குப் பாதி. என் பழைய வியாதியையே ஆர்டராகக் கொண்டுவந்திருந்தார்!

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். பொய் சொல்வானேன், ஆசையாகத்தான் இருந்தது. அவர் போனதும் மிஷின் பக்கத்தில் முழங்கால் போட்டு, "ஆண்டவரே, இந்த ஒரு தடவை மட்டும்" என்று ஆரம்பித்தேன். திருட்டுக்குத் துணை வாரும் என்று அவரிடமே எப்படிக் கேட்பது? எழுந்து, ஆண்டவருக்குப் பிடிக்காது, வேண்டாம் என்று போன் செய்தேன். பஸ்ஸில் கடலூர் வரும்வரை அழுகையாக வந்தது. அந்த ஏஜென்ட் போனை வைக்கும் முன் சொன்னது காதிலேயே இருந்தது.

"ஒங்க சாமி வேணாம்னா சொல்லிச்சி? வூட்ல அம்மாவ ஒரு வார்த்த கேட்டுப் பாருங்க மாஸ்டர்!"

பட்டு

கேட்டேன். ஸ்டெல்லா, "நல்லதாப் போச்சி" என்று சொல்லிவிட்டுச் சோறு போட்டாள். கடையும் சாகவில்லை. வெட்டுத்துணியைக் குண்டூசி குத்தி ஜாக்கெட்டோடு திருப்பிக் கொடுக்கிற டெய்லர் என்று மெல்லப் பேர் பரவி, ஒவ்வொருவராக வந்தார்கள்.

2012-இல் ஒருநாள் அதே ஏஜென்ட் வந்து, மகள் கல்யாணத்துக்கென்று ஏழு பட்டு ஜாக்கெட் துணியை என் மேஜைமேல் வைத்தார். வெட்டி முடித்ததும் அரக்குப் பட்டில் ஜரிகையோடு ஒரு துண்டு மிஞ்சியது. பத்து வயதாகிவிட்ட என் மகளுக்கு எவ்வளவு நன்றாக இருக்கும்! கை தானாகப் பைப்பக்கம் போயிற்று. "ஆண்டவரே, பிடியும்" என்று வாய்விட்டே சொன்னேன். துண்டைக் குண்டூசி குத்திவைத்த பிறகுதான் மூச்சு வந்தது. அவர் வாங்க வந்தபோது, உங்களுக்குத் தெரியாத டெய்லரா, என்னிடம் ஏன் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்தார்.

"பொண்ணு கல்யாணத் துணி மாஸ்டர், வேற எவங்கிட்ட குடுக்கவும் பயமா இருக்குது. இந்தத் தொழில்ல என்னென்ன நடக்கும்னு எனக்குத் தெரியாதா?"

ஆசை ஒரே நாளில் அடியோடு போய்விட்டது என்று சபையில் சாட்சி சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமைதான். என்னுடையதை ஆண்டவர் ஒவ்வொரு துணிக்கும் தனித்தனியாக வந்துதான் எடுக்க வேண்டியிருக்கிறது.