எண்பத்தாறாவது ஜோடிச் செருப்பு

சென்ற ஆண்டு பங்குனி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, வேடசந்தூருக்கு அருகில் ஒரு நூற்பாலையில் நடந்தது இது. எனக்கு வயது அறுபத்தொன்பது. தொலைபேசித் துறையில் முப்பத்து நான்கு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வீட்டில் சும்மா இருந்தால் கவலைப்பட்டே செத்துப்போவேன் என்று என் மனைவி விரட்டியதால், வாரத்தில் மூன்று நாள் திண்டுக்கல்லில் இருந்து ஆலைப் பேருந்தில் போய் அங்கே கணினி அறையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எதையும் எண்ணிப் பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு. ஆலைக்குப் போகும் வழியில் பதினேழு வேகத்தடை. கணினி அறைக்கு இருபத்திரண்டு படி. நேற்று இருபத்திரண்டு என்றால் இன்றும் அப்படியே இருக்கிறதா என்று பார்த்தால்தான் எனக்கு மனசு ஆறும்.

கணினி அறையில் இரண்டு சர்வர்கள். ஒன்று பழையது, ஒன்று புதிது. பழைய பெட்டிக்குள் ஒரு விர்ச்சுவல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பெட்டிக்குள்ளேயே இன்னொரு கணினி இருப்பது போன்ற ஏற்பாடு அது. ஆலைக்குள் யார் வந்தார்கள், யார் போனார்கள் என்ற பட்டியல் அதில்தான் இருந்தது. வாசலில் உள்ள கருவியில் தொழிலாளி அட்டையை வைத்தால் 'பீப்' என்று சத்தம் வரும். பெயர் பட்டியலில் ஏறும். சூப்பர்வைசரின் போனிலும் தெரியும்.

மூன்று நாளாகப் பழைய பெட்டியின் விசிறி கரகரவென்று இரைந்தது. எந்த நேரமும் நின்றுவிடும் என்று எனக்குப் பயம். மெஷினைப் புதுப் பெட்டிக்கு மாற்றியாக வேண்டும். ஆனால் வாசல் பதிவைப் பத்து நிமிடம்கூட நிறுத்தக் கூடாது என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

நிறுத்தாமலே மாற்ற வழி இருக்கிறது. ஒருவர் நோட்டில் எழுதிக்கொண்டிருக்கும்போதே அதைப் பக்கம் பக்கமாக நகல் எடுப்பது போன்ற வேலை அது. நகல் எடுத்து முடித்த பக்கத்தில் அவர் மறுபடி எதையாவது எழுதினால் அந்தப் பக்கத்துக்கு ஒரு குறி விழும். குறி விழுந்த பக்கங்களை மட்டும் திரும்ப எடுக்க வேண்டும். மிச்சம் குறைந்துகொண்டே வரும். கடைசியில் ஒரு நொடி எழுதுவதை நிறுத்தி, மீதியையும் எடுத்துக்கொண்டு, புது நோட்டைக் கையில் கொடுத்துவிடலாம். நோட்டு மாறியது எழுதுகிறவருக்கே தெரியாது.

சிக்கல் என்னவென்றால், இந்த நோட்டில் எழுதியது ஒருவர் அல்ல. வாசலில் இருந்து வரும் அட்டைத் தகவலை வாங்கித் தருவதற்கு மெஷினுக்கு வெளியே தனியாக ஒரு புரோகிராம் இருந்தது. அது சன்னல் வழியாகக் கையை நீட்டி, அதே நோட்டில் நேராக எழுதிவிடும். உள்ளே எழுதுவதைக் கவனிக்கும் கண்ணுக்கு வெளியில் இருந்து வரும் கை தெரியாது. ஆகவே, எழுதிய பக்கத்துக்கு அந்தப் புரோகிராமே குறி போட வேண்டும். எங்கள் ஆலை வாங்கியிருந்த புரோகிராமுக்குக் குறி போடத் தெரியாது.

இது எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

மதியம் ஒன்று இருபதுக்கு வேலையைத் தொடங்கினேன். மெஷின் மறுத்தது. வெளியில் இருந்து எழுதுவதைக் கண்காணிக்க முடியவில்லை, ஆகவே மாற்ற இயலாது என்று திரையில் எழுதிக் காட்டியது. வேறு வழி தேடி அரை மணி நேரம் போயிற்று. மேனேஜர் கதவருகில் வந்து நின்றார்.

"என்ன சார், இன்னும் எம்புட்டு நேரம்? ரெண்டு மணி ஷிப்ட்டு ஆளுக வர ஆரம்பிச்சுட்டாக."

"இந்தா முடியுது" என்றேன். முடியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. அமைப்புக் கோப்பில் ஒரே ஒரு வரி சேர்த்தேன். அந்தப் புரோகிராம் குறி போடும் என்று வைத்துக்கொள், அவ்வளவுதான் அந்த வரி. முந்தைய ஞாயிற்றுக்கிழமை இதே வரியைப் போட்டுச் சோதித்திருந்தேன். ஒரு குறையும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை வாசலில் ஒருவரும் இல்லை என்பதை நான் யோசிக்கவில்லை.

மெஷின் வாயை மூடிக்கொண்டது. மிச்சம் நான்கு லட்சம் பக்கம் என்று காட்டியது. பிறகு முப்பதாயிரம், தொள்ளாயிரம், பூஜ்யம். ஒன்று ஐம்பத்து மூன்றுக்கு மெஷின் புதுப் பெட்டியில் ஓடத் தொடங்கியது. "ஒரு பக்கம்கூட விடுபடல" என்று மேனேஜரிடம் சொன்னேன்.

"நீங்க எண்ணுனா சரியாத்தான சார் இருக்கும்" என்று சிரித்துவிட்டுப் போனார்.

இரண்டு இருபத்தைந்துக்கு அபாய மணி அடித்தது. பஞ்சுத் தூசியை இழுத்துச் சேர்க்கும் அறையில் தீ. நான் இறங்கி ஓடுவதற்குள், அந்த அறையையும் அதை அடுத்த கழிவுப் பஞ்சுக் கிடங்கையும் கரும்புகை மறைத்துவிட்டது. ஆலை நின்று, எல்லோரும் தண்ணீர்த் தொட்டி அருகே ஓடிவந்திருந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். எங்கள் ஆலையில் ஸ்பின்னிங் பகுதிக்குள் செருப்போடு போகக் கூடாது. வாசலில் உள்ள மர அடுக்கில் கழற்றி வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். ஓடிவந்த அவசரத்தில் ஒருவரும் செருப்பை எடுக்கவில்லை. கொதிக்கும் தரையில் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார்கள்.

சூப்பர்வைசர் நாற்பது வயதுப் பெண்மணி, கெட்டிக்காரி. போனில் பட்டியலைப் பார்த்துக்கொண்டே, வரிசையாக நிற்கச் சொல்லித் தலைகளை எண்ணினார்.

"லிஸ்ட்டுல எம்பத்தஞ்சு. நிக்கிறதும் எம்பத்தஞ்சு. எல்லாரும் வந்துட்டாக, அப்பு" என்று, இயந்திரம் பழுதுபார்க்கும் ஃபிட்டர்களைப் பார்த்துக் கத்தினார். ஷூ போட்ட ஃபிட்டர்கள் நான்கு பேரும் அவரும் அந்தக் கணக்கில் சேர்த்தியில்லை. நானும் ஒரு முறை எண்ணினேன். எண்பத்தைந்து. என் பட்டியல் சரியாக வேலை செய்ததில், அந்தப் புகைக்கு நடுவிலும் எனக்கு ஒரு சின்னப் பெருமை.

உள்ளே ஆள் இல்லை என்றால் செய்ய வேண்டியது ஒன்றுதான். காற்றை அடைக்க வேண்டும். ஃபிட்டர்கள் கிடங்குப் பாதையின் இரும்பு ஷட்டரைத் தடதடவென்று இறக்கிவிட்டார்கள். தீயணைப்பு வண்டி வந்துகொண்டிருந்தது.

அப்போது ஒரு பெண் என்னைக் கூப்பிட்டாள். "சார், சும்மாதான நிக்கிறீக? காலு வேகுது. எங்க செருப்புகள அள்ளிட்டு வந்தாப் புண்ணியமாப் போகும்."

"அவரு எண்ணித்தான் தருவாரு, அதுக்குள்ள பொழுது சாஞ்சிரும்" என்றாள் பக்கத்தில் நின்றவள். அந்த நேரத்திலும் நாலைந்து பேர் சிரித்தார்கள்.

மர அடுக்கு இருந்த வாசல் புகைக்கு மறுபக்கம். போனேன். அவள் கேலி செய்தது போலவே எண்ணினேன். எண்பத்தாறு ஜோடி இருந்தன. திரும்ப எண்ணினேன். எண்பத்தாறு. முந்தைய ஷிப்ட்டில் யாரோ பழசை விட்டுப் போயிருப்பார்கள் என்று நினைத்துக் குனிந்து பார்த்தேன். கடைசித் தட்டின் ஓரத்தில் நீலப் பட்டை வைத்த ரப்பர் செருப்பு ஜோடி ஒன்று இருந்தது. புத்தம் புதிது. அடியில் ஒட்டிய விலைச்சீட்டு இன்னும் முழுதாகத் தேயவில்லை.

ஒன்று ஐம்பத்து மூன்று ஞாபகத்துக்கு வந்தது. வாசலில் கூட்டம் அட்டை வைத்துக்கொண்டிருந்த நேரம். வெளியில் இருந்து நீண்ட அந்தக் கை அந்த நொடியில் எழுதிய பக்கம் எங்கே போயிற்று?

இனி எழுதப்போவதை என் மனைவியிடம்கூட இதுவரை முழுதாகச் சொன்னதில்லை. நான் உடனே கத்தவில்லை. கத்தினால், பட்டியல் தப்பு என்று சொல்ல வேண்டும். ஏன் தப்பு என்பார்கள். அரை மணி நேரத்துக்கு முன்னால்தான் ஒரு பக்கம்கூட விடுபடவில்லை என்று சொல்லியிருக்கிறேன். ஒரு செருப்பை வைத்து இத்தனை பேரைக் கலவரப்படுத்தலாமா என்று எனக்கு நானே நியாயம் பேசினேன். எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று சரியாகத் தெரியாது. முப்பது நொடி இருக்கலாம், நாற்பது இருக்கலாம். என் வாழ்நாளில் நான் எண்ணாமல் விட்ட நொடிகள் அவை.

பிறகு ஓடினேன். "ஷட்டரத் திறங்க! உள்ள ஒரு ஆளு இருக்கு!"

சூப்பர்வைசர் போனை நீட்டினார். "கணக்கு சரியா இருக்கே சார்!"

"கணக்கு தப்பு. நான்தான் தப்புப் பண்ணிட்டேன். மெஷினு மாத்துறப்ப ஒரு பேரு விழுந்துபோச்சு. லிஸ்ட்டப் பாக்காதீங்க, யாரக் காணோம்னு பாருங்க!"

ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். வயதான ஒரு தொழிலாளி நெஞ்சில் கை வைத்தார். "ஆத்தீ! அந்தப் புதுப் பொண்ணு! கழிவுப் பஞ்சுச் சாக்கக் கொண்டுபோயிக் குடோன்ல தட்டிட்டு வான்னு நாந்தான அனுப்புனேன்! இங்க காங்கலையேன்னு தேடுனேன், கணக்கு சரின்னாக, எங்கிட்டாச்சும் நிக்கும்னு இருந்துட்டேனே!"

"அது இன்னைக்கு வரலன்னுல்ல நெனச்சேன்! லிஸ்ட்டுல பேரே இல்லையே!" என்று சொல்லிக்கொண்டே சூப்பர்வைசர் ஓட ஆரம்பித்துவிட்டார். ஒட்டன்சத்திரம் பக்கத்தில் இருந்து வந்து நான்கு நாள்தான் ஆன பெண் அது. பெயர் சொல்லித் தேட அவளுக்கு இன்னும் ஒரு சிநேகிதிகூட அமையவில்லை.

ஷட்டர் பாதிதான் ஏறியது. உள்ளிருந்து புகை தரையோடு தரையாக வந்தது. சூப்பர்வைசர் துப்பட்டாவைத் தொட்டியில் முக்கி முகத்தில் சுற்றிக்கொண்டார். "ஏலே, தண்ணிய என் மேல அடிங்கடா!" என்று சொல்லிவிட்டுக் குனிந்து உள்ளே போனார். ஒரு ஃபிட்டர் பின்னாலேயே போனார். நான் எண்ணத் தொடங்கினேன். எழுபது வரை எண்ணினேன். எண்பது. தொண்ணூறு. நூற்றுப் பதினொன்றில் ஃபிட்டரின் முதுகு தெரிந்தது. இருவருமாக அவளை இழுத்துக்கொண்டு வந்தார்கள்.

கடைசி மூலையில், பஞ்சு மூட்டைகளுக்குப் பின்னால், தரையில் முகத்தைப் புதைத்துக் கிடந்தாளாம். ஷட்டர் இறங்கும் சத்தம் கேட்டுக் கூப்பிட்டிருக்கிறாள். புகையில் குரல் எழும்பவில்லை. மூச்சு இருந்தது. தண்ணீர் தெளித்ததும் இருமினாள். அந்த இருமல் சத்தம் கேட்டதும் பெண்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் அழுதார்கள்.

ஆம்புலன்ஸ் வரும்வரை அவள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். பட்டியலில் பேர் விழாததால் ஆளைத் தேடவில்லை என்று சுற்றி நின்றவர்கள் பேசியது அவள் காதில் விழுந்திருக்க வேண்டும். கரி படிந்த முகத்தோடு என்னைப் பார்த்தாள். "நான் கார்டு வச்சனுங்க. சத்தம் வந்துச்சுங்க. ஏனுங்க என் பேரு ஏறல?"

அவள் பயந்தது வேலை போய்விடுமோ என்று. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "உம்மேல தப்பு இல்லம்மா. தப்பு எல்லாம் என் மேலதான்" என்றேன்.

ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வீட்டுக்குப் போனாள். ஒரு மாதம் கழித்து வேலைக்கும் வந்தாள். பதிவுகளைப் பிரித்துப் பார்த்தபோது, ஒன்று ஐம்பத்து மூன்றுக்கு அவளுக்கு முன்னால் நின்ற பெண்ணின் பெயர் இரண்டு முறை இருந்தது; ஒரே பெயர் என்பதால் சூப்பர்வைசரின் பட்டியல் அதை ஒன்றாகவே எண்ணியிருக்கிறது. அவள் பெயரை எழுதிய பக்கம் குறி விழாததால் நகலாகாமல் போய்விட்டது. அந்த இடத்தில் இருந்த பழைய எழுத்தையே மெஷின் இன்னொரு முறை படித்திருக்கிறது.

நடந்ததை நான்கு பக்கம் எழுதி மேனேஜரிடம் கொடுத்து, வேலையை விட்டுவிடுவதாகச் சொன்னேன். அவர் வெகுநேரம் படித்தார். "இத நீங்க எழுதலேன்னா எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது. இருந்து சரி பண்ணிக் குடுத்துட்டுப் போங்க சார்" என்றார். குறி போடத் தெரிந்த புரோகிராம் வாங்க இரண்டு மாதம் ஆயிற்று. அதுவரை எந்த மாற்றம் என்றாலும் மெஷினை நிறுத்திவிட்டுத்தான் செய்தோம். அந்தப் பத்து நிமிடமும் நானே வாசலில் உட்கார்ந்து, வருகிறவர்களின் முகத்தைப் பார்த்துப் பெயர் கேட்டுப் பேனாவால் எழுதினேன்.

எண்ணும் பழக்கம் இன்னும் போகவில்லை. ஆனால் முன்பெல்லாம் கணக்கு உதைத்தால்தான் எனக்குத் தூக்கம் வராது, இப்போதோ இரண்டு பக்கமும் ஒன்றுபோல் சரியாக வரும்போதுதான், அதில் ஏறாமல் போன யாரோ ஒருவர் எங்கோ கதவுக்குப் பின்னால் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார் என்று எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன்.