மஞ்சள் பூசிய பெல்ட்

கணவர் இறந்தபின், சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ என்ற பிரெஞ்சு பேசும் ஊரிலுள்ள வீட்டில் மிஞ்சியது நானும் பனியில் ஓடும் அவருடைய ஸ்னோமொபைலும்தான். கொட்டிலில் அதை ஸ்டார்ட் செய்து, சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன். ஒருநாள் வண்டியை இழுக்கும் ரப்பர் பெல்ட் அறுந்தது.

“அம்மா, சனிக்கிழமை வாறன். அது ஓடாட்டில் வித்துப்போடுவம்” என்றான் டொரண்டோவிலிருக்கும் மகன், போனில்.

“உன்னை வித்தாலும் அதை விக்கமாட்டன்.”

எனக்கு எழுத்து அவ்வளவு ஓடாது. அறுந்த பெல்ட்டையே கடையில் காட்டி, அதே நம்பரில் வாங்கிவந்தேன். புதுப்பொருளுக்கு மஞ்சள் வைக்காமல் விடலாமா? தண்ணீரில் குழைத்தால் உறைந்துவிடுமென்று நல்லெண்ணெயில் குழைத்து, தாராளமாகப் பூசி மாட்டினேன். எஞ்சின் இரைந்தது, வண்டி நகரவில்லை. ரப்பர் கருகும் மணம் வந்தது.

மணம் பிடித்துப் பக்கத்து வீட்டுக் கிழவர் வந்தார். இத்தனை காலமும் ‘போன்ஜூர்’ தாண்டி நாங்கள் கதைத்ததில்லை. மூடியைத் திறந்து, பெல்ட்டைத் தொட்ட விரலை மோந்து பார்த்தார்.

“மடாம், இது கறியோ?”

“கறியில்லை, மஞ்சள்!” என்றேன் விறைப்பாக.

அவர் சிரிக்கவில்லை. எண்ணெயில் வழுக்குகிறதென்று கையால் காட்டி, பெல்ட்டைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினார். பெல்ட் சுற்றும் கிளட்சைத் துடைத்தார். பெல்ட் கிளட்சின் விளிம்புக்குச் சற்று மேலே நிற்கும்வரை திருகாணியைப் பொறுமையாகத் திருப்பினார். வண்டி முற்றத்துப் பனியில் ஓடியது. பிறகு மஞ்சள் கிண்ணத்தை என்னிடம் நீட்டி, வண்டியின் நெற்றியைத் தட்டிக் காட்டினார். அங்கே ஒரு பொட்டு வைத்தேன்.

“ஓடுது தம்பி. நீ வரத் தேவையில்லை” என்று மகனிடம் பெருமையாகச் சொன்னேன். போனை வைத்தபிறகுதான் உறைத்தது: விற்பதற்கென்றாலும் அவன் வந்திருப்பான்.

சனிக்கிழமை தனியாக எஞ்சினை ஸ்டார்ட் செய்தேன். பக்கத்து வீட்டு யன்னல் திரை விலகியது. நான் கையை உயர்த்தினேன்.