யு.பி.எஸ். கத்திய மூன்று வாரம்

என் கணவருக்கு நுரையீரல் கெட்டுப்போய் மூன்று வருடம் ஆகிறது. ஆக்சிஜன் மெஷின் ஒன்று அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். எங்கள் ஊர் ஜமுனாமரத்தூரில் பலமாகக் காற்றடித்தாலே கரண்ட் போய்விடும். அதனால் அந்த மெஷினுக்கென்றே ஒரு யு.பி.எஸ். வாங்கி வைத்தோம். அதன் பேட்டரி ஒரு மணி நேரம் தாங்கும் என்றார்கள்.

கரண்ட் போனால் அது கத்தும். அது எனக்குப் புரிந்தது. ஆனால் கரண்ட் இருக்கும்போதே சில நாள் ‘டக்’கென்று பேட்டரிக்கு மாறி, கொஞ்சம் ஓடிவிட்டுத் திரும்பும். ஒருநாள் அப்படி மாறித் திரும்பியதும் சிவப்பு விளக்கு எரிந்தது. அன்றிலிருந்து சில மணி நேரத்துக்கு ஒருமுறை கீச்சுக் கீச்சென்று சத்தம். அங்கன்வாடியில் பகலெல்லாம் பிள்ளைகளின் அழுகையைக் கேட்டுவிட்டு வருகிறவள் நான். முன்னாலிருந்த பட்டனை அழுத்தினேன், அடங்கியது. மறுபடி கத்தும், மறுபடி அழுத்துவேன்.

“இன்னாம்மே அது, ஓயாம கத்திக்கினு கீது?” என்று கணவர் கேட்டார்.

“வோல்டேஜ் சரியில்லீங்க” என்றேன். உண்மையில் எனக்கு ஒன்றும் தெரியாது.

மூன்று வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மழைக்கு முந்திய காற்றில் கரண்ட் போனது. யு.பி.எஸ். பார்த்துக்கொள்ளும் என்று வெளியே துணி எடுத்துக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து, விட்டுவிட்டுக் கேட்கவேண்டிய சத்தம் இடைவிடாமல் ஒரே நீளமாக வந்தது. பிறகு அதுவும் நின்றுவிட்டது. ஓடினேன். கட்டில் சட்டத்தைப் பிடித்தபடி குனிந்து உட்கார்ந்திருந்தார். உதடு நீலம் பூத்திருந்தது. மூலையில் அவசரத்துக்கு வைத்திருந்த ஆக்சிஜன் சிலிண்டரை இழுத்து வந்தேன். அதன் வால்வை இரண்டு கையாலும் பிடித்துத் திருகிக் குழாயை மாட்டினேன். அவருக்கு மூச்சு சீராக வெகுநேரம் ஆனது.

மறுநாள் வேலூரிலிருந்து ஒரு வயதான மெக்கானிக் வந்தார்.

“பேட்டரி செத்துப்போச்சும்மா. ரெண்டு வாரத்துக்கு ஒருவாட்டி இதுவே பேட்டரிக்கு மாறி டெஸ்ட் போட்டுப் பாத்துக்கும். தேறலன்னா சிவப்பு லைட்டு, சத்தம். அது சொல்லிக்கினேதான் இருந்திருக்கும்.”

“நான்தாங்க பட்டனை அழுத்திட்டேன்.”

“அழுத்தினா சத்தம்தான் நிக்கும்மா” என்றார். திட்டவில்லை. புது பேட்டரி போட்டு, டெஸ்ட் ஓடவிட்டுக் காட்டினார். விட்டுவிட்டுக் கத்தினால் பேட்டரியில் ஓடுகிறது, இடைவிடாமல் கத்தினால் அணையப்போகிறது, உடனே சிலிண்டருக்கு மாறவேண்டும். இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன்.

மெக்கானிக் போனபின், வோல்டேஜ் என்று சொன்னது பொய் என்று கணவரிடம் ஒப்புக்கொண்டேன்.

“தெரியும். நானும் அந்த லைட்டத் தெனம் பாத்துக்கினுதான் இருந்தேன். ஆளக் கூட்டின்னு வாடின்னு சொல்லலாம்னு வாயெடுப்பேன். நீ களைச்சுப்போய் வர்றதப் பாத்தா மனசு வராது.”

எனக்கு அழக்கூடத் தெம்பில்லை. அவர் காலடியிலேயே சாய்ந்து படுத்தேன். உலை வைக்கவேண்டும் என்று நினைத்தபடியே தூங்கிப்போனேன்.